ஆறில் ஐந்து பங்கு பள்ளிக்கு வெளியே: வீடும் ஊரும் குழந்தையின் கற்றலுக்குள் நுழையும் வழிகள்

கற்றல் அடைவு பற்றிய ஆய்வு முடிவு எது வெளிவந்தாலும் விவாதம் இரண்டு தடங்களில்தான் ஓடுகிறது. ஆசிரியர்கள் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது ஒன்று. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்பது மற்றொன்று. ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம், ஒரே பாடப்புத்தகத்தை வைத்துப் படிக்கும் இருவரில் ஒருத்தி மூன்றாம் வகுப்பில் கதைப் புத்தகம் வாசிக்கிறாள், இன்னொருத்தி எழுத்துக்கூட்டிக்கொண்டே நிற்கிறாள் என்றால் இந்த இரண்டு விளக்கமும் போதவில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், 800 கற்பித்தல் மணி நேரம் வேண்டும் என்கிறது. ஏழு வயதுக் குழந்தை நாளுக்குப் பத்து மணி நேரம் தூங்கினால் ஆண்டில் 5,110 மணி நேரம் விழித்திருக்கும். அதில் 800 என்பது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் ஐந்து பங்கும் வீட்டிலும் தெருவிலும் கழிகிறது. ஒன்றாம் வகுப்பில் சேருவதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

"நல்ல சூழல் வேண்டும்" என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை; அப்படிப் பொதுவாகச் சொல்வதால் பயனும் இல்லை. சூழல் குழந்தைக்குள் நுழையச் சில குறிப்பிட்ட வழிகள் இருக்கின்றன. காதில் விழும் பேச்சு, இரத்தத்தில் கலந்த இரும்பும் ஈயமும், இரைச்சல், வெயில், பெரியவர்களின் பணக்கவலை, தெருக்கோடியில் இருக்கும் அங்கன்வாடி ஆகியவை அவற்றில் முக்கியமானவை. ஒவ்வொன்றையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். இவற்றில் எது பெற்றோர் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

எந்தச் சான்றை நம்புவது?

நூறு புத்தகம் உள்ள வீட்டுக் குழந்தை நன்றாக வாசிக்கிறது. காரணம் புத்தகங்களா? அந்த வீட்டில் படித்த தாய், நிலையான வருமானம், தனி அறை, சத்தான சாப்பாடு எல்லாம் சேர்ந்தே இருக்கும். எதனால் எது வந்தது என்று சொல்ல முடியாது. அதனால் இந்தத் துறையில் இரண்டு வகைச் சான்றுக்குத்தான் கூடுதல் மதிப்பு.

1. குலுக்கல் முறைச் சோதனை. குடும்பங்களையோ மையங்களையோ சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் உதவி தந்து, சில ஆண்டுகள் கழித்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவது.
2. தானாக அமைந்த சோதனை. விமான நிலையம் இடம் மாறுவது, அறுவடைக்குப் பிறகு அதே குடும்பத்தின் கையில் பணம் வருவது போன்றவை. ஆட்கள் மாறவில்லை, சூழல் மட்டும் மாறியது என்பதால் காரணத்தைச் சுட்ட முடிகிறது.

விளைவைச் சொல்ல ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அலகு 'திட்ட விலக்கம்'. நூறு குழந்தைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நடுவில் 50-வது இடத்தில் இருப்பவரை 0.3 திட்ட விலக்க முன்னேற்றம் ஏறக்குறைய 38-வது இடத்துக்கு உயர்த்தும். கல்வித் திட்டங்களில் 0.3 பெரிய எண்தான்.

பேச்சு: எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை மாறி மாறி

1995-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி இருவரும் 42 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட கணிப்பு உலகம் முழுக்கப் பரவியது. நான்கு வயதுக்குள் ஏழை வீட்டுக் குழந்தை வசதியான வீட்டுக் குழந்தையைவிட மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்றார்கள். குடும்பங்களின் எண்ணிக்கை குறைவு என்றும், வீட்டில் மற்ற பெரியவர்களும் அண்ணன் அக்காக்களும் பேசுவதைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்றும் பின்னாளில் கடும் விமர்சனம் வந்தது. அதைவிடப் பெரிய சேதம், "குழந்தையிடம் பேசிக்கொண்டே இருங்கள்" என்று அது அறிவுரையாகச் சுருங்கியதுதான்.

2018-ல் பாஸ்டன் பகுதியில் நான்கு முதல் ஆறு வயதுள்ள 36 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. வீட்டுப் பேச்சை ஒலிப்பதிவு செய்தார்கள். பிறகு கதை கேட்கும்போது மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். மொழியைக் கையாளும் மூளைப் பகுதி எவ்வளவு வேலை செய்தது என்பதோடு பொருந்தி வந்தது பேச்சு முறைமாற்றங்களின் எண்ணிக்கை. பெற்றோரின் வருமானம், படிப்பு, குழந்தை கேட்ட மொத்தச் சொற்கள் ஆகியவற்றைக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது.

முறைமாற்றம் என்றால், குழந்தை ஏதோ சொல்கிறது அல்லது ஒலி எழுப்புகிறது, சில நொடிகளுக்குள் பெரியவர் அதற்குப் பதில் தருகிறார், அல்லது பெரியவர் கேட்க குழந்தை பதில் தருகிறது. பேச்சு வராத ஆறு மாதக் குழந்தையோடும் இது நடக்கும். உள்ளங்கையில் தொடங்கி அக்குளில் கிச்சுகிச்சு மூட்டி முடியும் விரல் விளையாட்டை நம் பாட்டிமார் ஆடும்போது, கடைசி அடிக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்துவார்கள். குழந்தை முன்கூட்டியே சிரிக்கும். அதுவும் ஒரு முறைமாற்றம்தான். விடுகதையும் அப்படியே.

இதை முறிக்கும் முதல் எதிரி பின்னணியில் ஓடும் தொலைக்காட்சி. 2009-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், தொலைக்காட்சி ஒலி கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கும் சொற்கள் சராசரியாக 770 குறைந்தன. குழந்தை திரையைப் பார்க்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தாலே பேச்சு குறைகிறது. மாலை ஆறரைக்குப் போடும் சீரியல் பத்து மணி வரை ஓடும் வீட்டில், குழந்தை விழித்திருக்கும் மாலைப்பொழுது முழுக்க இந்தக் கழித்தலில் போய்விடுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் வரவேண்டும் என்று, தாங்களே சரளமாகப் பேசாத மொழியில் பிள்ளையிடம் பேசும் பெற்றோர் பெருகிவிட்டார்கள். விளைவு, உரையாடல் "கம் ஹியர்", "ஈட் ஃபாஸ்ட்" என்ற கட்டளைகளோடு நின்றுவிடுகிறது. ஏன், எப்படி, அப்புறம் என்ன ஆச்சு என்று நீளும் பேச்சு பெரியவருக்கு வசப்பட்ட மொழியில்தான் நடக்கும். மூன்று வயதில் அந்த நீளம்தான் முக்கியம். எந்த மொழியில் என்பது அடுத்த பிரச்சினை.

தமிழ் வாசிப்பில் கூடுதலாக ஒரு படி

வீட்டில் "அவங்க ஊருக்குப் போனாங்க" என்று கேட்டு வளர்ந்த குழந்தை, புத்தகத்தில் "அவர்கள் ஊருக்குச் சென்றனர்" என்று வாசிக்க வேண்டியிருக்கிறது. எழுத்தைக் கூட்டி ஒலியாக்கிய பிறகும் அந்த ஒலி தனக்குத் தெரிந்த சொல்லாக உடனே மாறுவதில்லை. பேச்சு மொழிக்கும் எழுத்து மொழிக்கும் இடைவெளி அதிகமுள்ள அரபு மொழிக் குழந்தைகளிடமும் இதே சிக்கலை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். பள்ளிக்கு வருமுன்பே எழுத்துத் தமிழைக் காதால் கேட்டுப் பழகிய குழந்தைக்கு ஒரு வேலைதான். கேட்காத குழந்தைக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை. முதல் வகுப்பில் ஆசிரியர் கண்ணுக்கு இது 'மந்தம்' என்று படுகிறது.

வாசித்துக் காட்டுவதற்கு ஒரு முறை உண்டு. மூன்று முதல் ஆறு வயது வரை நாளுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும்.

1. ஒரே புத்தகத்தை நான்கைந்து நாள் தொடர்ந்து எடுங்கள். சலிப்பு பெரியவருக்குத்தான் வரும். திரும்பக் கேட்கும்போதுதான் குழந்தை சொற்களைப் பிடிக்கிறது.
2. எழுத்தில் உள்ள வாக்கியத்தை அப்படியே வாசியுங்கள். பிறகு அதையே பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். எல்லாவற்றையும் பேச்சாக மாற்றிவிட்டால் மேலே சொன்ன பயன் கிடைக்காது.
3. படத்தைக் காட்டி முதலில் 'என்ன', 'யாரு', பிறகு 'ஏன்' என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் குறைந்தது ஐந்து நொடி காத்திருங்கள். பெரும்பாலானவர்கள் இரண்டாவது நொடியிலேயே பதிலைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள்.
4. குழந்தை சொன்னதோடு ஒரு துண்டு சேர்த்துத் திருப்பித் தாருங்கள். "நாய்" என்றால், "ஆமா, கறுப்பு நாய், கட்டிலுக்கு அடியில படுத்திருக்கு."

கெடுவது எங்கே என்றால், இதைத் தேர்வாக மாற்றும் இடத்தில். "இது என்ன எழுத்து, சொல்லு" என்று மூன்று முறை கேட்டால் நான்காவது நாள் குழந்தை புத்தகத்தைக் கண்டாலே எழுந்து ஓடும். வாசிக்கத் தெரியாத பெற்றோருக்குப் படங்கள் மட்டும் உள்ள புத்தகமே போதும். மேலே சொன்ன மூன்றாவது, நான்காவது படிகள் அதிலும் நடக்கும். எழுத்துத் தமிழை வாசித்துக் காட்ட அண்ணனோ அக்காவோ வந்தால் போதும்.

எண்களுக்கும் இப்படி ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் வசதி குறைந்த வீட்டு நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளிடம் 1 முதல் 10 வரை எண் எழுதிய கட்டங்களில் காய் நகர்த்தும் விளையாட்டை ஆடவைத்தார்கள். இரண்டு வாரத்தில் பதினைந்து நிமிட அமர்வு நான்கே நான்கு. எண்களை ஒப்பிடுவதும் எண்கோட்டில் இடம் காட்டுவதும் தெளிவாக முன்னேறின. எண்ணுக்குப் பதில் நிறம் பூசிய கட்டத்தில் ஆடியவர்களிடம் அது வரவில்லை. நூறு கட்டம் கொண்ட பலகையில் செய்த அடுத்த ஆய்வு இன்னும் நுட்பமானது. 23-ல் நிற்கும் காயை மூன்று நகர்த்தும்போது "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணியவர்களைவிட "இருபத்து நாலு, இருபத்தஞ்சு, இருபத்தாறு" என்று கட்டத்து எண்ணைச் சொல்லி நகர்த்தியவர்கள்தான் கற்றார்கள். நூறு கட்டம் உள்ள பரமபதம் பல வீடுகளில் இருக்கிறது. சொல்லும் முறையை மட்டும் மாற்றினால் போதும்.

உடம்பு வழியே: இரும்பும் ஈயமும்

நரம்பிழைகளின் மேலுறை வளரவும், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருட்கள் உருவாகவும் இரும்புச்சத்து வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் 67.1 சதவீதம், தமிழ்நாட்டில் 57.4 சதவீதம். இரத்தசோகை முழுக்க இரும்புக் குறைவால் மட்டும் வருவதில்லை என்றாலும் பெரிய காரணம் அதுதான்.

கோஸ்டா ரிகா நாட்டில் பெட்சி லோசாஃப் குழு செய்த நீண்டகால ஆய்வு, வீடும் உடம்பும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதைக் காட்டுகிறது. கைக்குழந்தையாக இருந்தபோது நாள்பட்ட இரும்புக் குறைவு இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் 19 வயது வரை பின்தொடர்ந்தார்கள். சிகிச்சை எல்லோருக்கும் கிடைத்தது. நடுத்தரக் குடும்பங்களில் அறிவாற்றல் தேர்வில் இடைவெளி எட்டு, ஒன்பது புள்ளிகளில் கடைசி வரை அப்படியே நின்றது. வசதி குறைந்த குடும்பங்களிலோ பத்துப் புள்ளியில் தொடங்கிய இடைவெளி 19 வயதில் 25 ஆக விரிந்தது. தொடக்கத்தில் குறைபாடு ஏறக்குறைய ஒன்றுதான். அதை வளரவிடாமல் பிடித்து நிறுத்தவோ பெருக்கவோ வீட்டுச் சூழலால் முடிந்திருக்கிறது.

அரசுத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப், ஐந்து முதல் ஒன்பது வயதுக்கு வாரம் ஓர் இளஞ்சிவப்பு மாத்திரை, பத்து முதல் பத்தொன்பது வரை வாரம் ஒரு நீல மாத்திரை, ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரை என்று உண்டு. திட்டத்தில் குறையில்லை, நடைமுறையில் மூன்று இடங்களில் வழுக்குகிறது.

1. மாத்திரை போட்ட கையோடு டீ அல்லது பால் கொடுப்பது. டீயில் உள்ள டானினும் பாலில் உள்ள கால்சியமும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா உடன் இருந்தால் உறிஞ்சுதல் கூடும்.
2. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துவது. அது இரும்பின் நிறம், தீங்கில்லை.
3. வெறும் வயிற்றில் கொடுத்து, குமட்டியதும் கைவிடுவது. சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

ஈயம், அதாவது காரீயம், இதற்கு நேர் எதிர். உடம்புக்குத் துளியும் தேவையில்லை, பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை. உள்ளே போன ஈயத்தைக் குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது. இரும்புச்சத்து குறைந்த உடல் இன்னும் அதிகமாக உறிஞ்சும். ஏழு ஆய்வுகளைச் சேர்த்து 2005-ல் செய்த பகுப்பாய்வில், இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 2.4-லிருந்து 10 மைக்ரோகிராமாக உயரும்போது நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 3.9 புள்ளி குறைந்தது. 10-லிருந்து 20-க்குப் போகும்போது மேலும் 1.9 மட்டுமே. முதல் சில மைக்ரோகிராம்கள்தான் அதிகம் கெடுக்கின்றன. வெளியே எந்த அறிகுறியும் தெரியாது என்பதால் இதை யாரும் 'நோய்' என்று எண்ணுவதில்லை.

பெட்ரோலில் ஈயம் 2000-ல் நின்றது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முன் பூசி இப்போது உதிரும் சுவர், கதவுப் பெயிண்ட் மீது சந்தேகம் வைக்கலாம். அதைச் சுரண்டும்போது எழும் தூளில் குழந்தை தவழக்கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும், பெருக்கக்கூடாது. பழைய பேட்டரி உடைக்கும் பட்டறை, அங்கே வேலை செய்பவர் வீட்டுக்கு அணிந்துவரும் சட்டை, நிறம் கூட்டக் கலப்படம் செய்த மஞ்சள்தூள் ஆகியவை மற்ற வாயில்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது என்றால் அது வேறு உலோகம், பிரச்சினையில்லை. விலை குறைக்கக் காரீயம் கலந்திருந்தால் புளியின் அமிலம் அதைக் கரைத்து எடுத்துவிடும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ரசத்தின் ருசி பற்றி ஆயிரம் சொன்னாலும், சோதிக்காத சொம்பில் சிறு பிள்ளைகளுக்குச் சமைக்காமல் இருப்பதே சரி.

இரைச்சல், வெயில், தூக்கம்

நியூயார்க் மன்ஹாட்டனில் ஒரு தொடக்கப்பள்ளியை ஒட்டி மேம்பால ரயில் போனது. 1975-ல் ஆர்லின் பிரான்சாஃப்ட் வெளியிட்ட ஆய்வில், தண்டவாளப் பக்கத்து வகுப்பறைக் குழந்தைகள் மறுபக்கத்து வகுப்பறைக் குழந்தைகளைவிட வாசிப்பில் ஓராண்டு வரை பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் அட்டைகள் பொருத்தி, வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகள் அடித்தார்கள். 1981-ல் மீண்டும் பார்த்தபோது வேறுபாடு மறைந்திருந்தது. ஜெர்மனியின் மியூனிக்கில் 1992-ல் பழைய விமான நிலையம் மூடி, வேறிடத்தில் புதியது திறந்தபோதும் இதே கதைதான். பழைய இடத்துக் குழந்தைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் மேம்பட்டன. புதிய நிலையத்தருகே குறைந்தன.

காது கெட்டுப்போவதால் வரும் விளைவல்ல இது. ஓயாத இரைச்சலில் வளரும் குழந்தை ஒலியைப் பொதுவாகவே ஒதுக்கப் பழகிவிடுகிறது. அப்படி ஒதுக்கும்போது பேச்சொலியின் நுண்ணிய வேறுபாடுகளும் சேர்ந்து போகின்றன. தமிழில் ல, ள, ழ என்று பிரித்துக் கேட்க வேண்டிய வயதில் இது பெரிய இழப்பு. பள்ளிபாளையம், சோமனூர் பக்கம் வீட்டோடு ஒட்டிய விசைத்தறிக் கூடங்களில் இரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டும். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் அனுமதிப்பது பகலில் 55, இரவில் 45. தறி நிற்கும் ஒரு மணி நேரம் எதுவோ அதைப் பேச்சுக்கும் வாசிப்புக்கும் ஒதுக்குவதுதான் அந்த வீடுகளில் உடனே செய்யக்கூடியது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குத் தேவையான ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கமும் இரைச்சலில்தான் முதலில் அறுகிறது.

வெயில் வரும் வழி எதிர்பாராதது. இந்தியக் கிராமப்புறத் தேர்வுத் தரவுகளை ஆராய்ந்தவர்கள், சராசரி வெப்பநிலை 29 டிகிரியைத் தாண்டும் நாட்கள் ஆண்டில் பத்து கூடினால் கணிதம் 0.03, வாசிப்பு 0.02 திட்ட விலக்கம் குறைவதைக் கண்டார்கள். காரணம் வகுப்பறைப் புழுக்கத்தைவிட வயல்தான்: விளைச்சல் குறைய, வருமானம் குறைய, குழந்தையின் தட்டில் குறைகிறது. நூறு நாள் வேலைத் திட்டம் வந்த பிறகு இந்தப் பாதிப்பு தணிந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

பெற்றோரின் மனதில் இடம் இருக்கிறதா?

'அக்கறையில்லாத பெற்றோர்' என்ற குற்றச்சாட்டைச் சோதிக்கத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்பும் பின்பும் யோசனைத் திறன் சோதனைகள் நடத்தினார்கள். முடிவுகள் 2013-ல் வெளியாயின. கரும்புப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வருவது. அதற்கு முந்தைய மாதங்களில் அடகும் கைமாற்றும் அதிகம். ஆள் அவரேதான், பணமில்லாத மாதங்களில் புதிர்களைத் தீர்ப்பதில் பிழை அதிகம், வேகம் குறைவு. பணம் வந்த பிறகு தெளிவாக மேம்பட்டது. நாளைய வட்டியை யோசிக்கும் மூளையில் மற்றதற்கு இடம் சுருங்குகிறது.

இது குழந்தைகளைப் பற்றிய ஆய்வல்ல. ஆனாலும் குழந்தை கேட்கும் "ஏன்ப்பா?"வுக்குப் பொறுமையாகப் பதில் வருவதும் வராததும் குணத்தை மட்டும் பொறுத்ததில்லை என்று இதிலிருந்து ஊகிக்க முடிகிறது. கைபேசிச் செயலிகளையும் படஅட்டைகளையும் விற்பவர்கள் எல்லாப் பொறுப்பையும் தாயின் தலையில் கட்டுகிறார்கள். இரண்டு ஷிப்ட் மில் வேலைக்குப் போகும் தாய்க்கு அதில் கிடைப்பது குற்றவுணர்ச்சி மட்டுமே.

ஜமைக்காவில் வாரம் ஒரு மணி நேரம்

வீட்டுச் சூழலை வெளியிலிருந்து மாற்ற முடியுமா என்பதற்கு மிக வலுவான விடை கிங்ஸ்டன் நகரத்திலிருந்து வருகிறது. 1986-87-ல் சாலி கிரந்தம்-மெக்ரிகரும் சகாக்களும், வயதுக்கேற்ற உயரமில்லாத, 9 முதல் 24 மாதமான 129 குழந்தைகளை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. இன்னொன்றுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் விளையாடுவார். மூன்றாவதற்கு இரண்டும். நான்காவதற்கு எதுவுமில்லை. இரண்டு ஆண்டுகள் நடந்தது. பொம்மைகள் எல்லாம் பிளாஸ்டிக் பாட்டில், அட்டைப்பெட்டி போன்றவற்றில் செய்தவை. பணியாளர் போகும்போது வீட்டில் விட்டுச்செல்வார், அடுத்த வாரம் மாற்றித்தருவார்.

இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது விளையாட்டு கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அப்படி நீடித்த விளைவு தெரியவில்லை. இதை வைத்து உணவு தேவையில்லை என்று சொல்லிவிடக்கூடாது. வீட்டுக்கு வந்த மாவைக் குழந்தை மட்டுமே சாப்பிட்டதா என்பது வேறு கேள்வி.

பணியாளர் குழந்தைக்கு நேரடியாகச் சொல்லிக்கொடுப்பது இங்கே நோக்கமில்லை. தாய் செய்து பார்க்க, அவர் ஊக்கம் தருவார். வாரத்தில் மிச்சமுள்ள நேரமெல்லாம் தாயோடுதானே? அளவும் முக்கியம். அதே குழு வருகை இடைவெளியை மாற்றிப் பார்த்தது. வாரம் ஒருமுறை என்றால் தெளிவான பலன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் சிறிது, மாதம் ஒருமுறை என்றால் ஒன்றுமில்லை. செலவைக் குறைக்க வருகையைக் குறைக்கும் திட்டங்கள் பெயரளவில் நடந்துகொண்டே பலனை இழப்பது இப்படித்தான்.

ஊர் செய்யக்கூடியது

தமிழ்நாட்டு அங்கன்வாடியில் வழக்கமாக ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். எடை போடுவது, பதிவேடு, சத்துமாவு, கர்ப்பிணிகள், கணக்கெடுப்பு எல்லாம் பணியாளர் தலையில். முன்பருவக் கல்விக்கு நேரம் மிஞ்சுவதில்லை. 320 மையங்களில் நடந்த குலுக்கல் சோதனையில் ஒரு பாதிக்குக் கல்விக்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகத் தந்தார்கள். கற்பித்தல் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதத்தில் கணிதத்தில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்க முன்னேற்றம். எதிர்பாராத பலன், குழந்தைகளின் உயரக் குறைவும் ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. பழைய பணியாளருக்கு அந்த வேலைக்கு நேரம் கிடைத்ததுதான் காரணம். புதுக் கட்டடமோ திரையோ வாங்காமல், ஓர் ஆளைச் சேர்த்ததில் கிடைத்தது இவ்வளவும்.

இரண்டாவது சான்று கொரோனாவுக்குப் பிந்தையது. கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகளை, அதே ஊர்களில் 2019-ல் அதே வயதில் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். பள்ளி திறந்தபோது கணிதத்தில் 0.7-க்கு மேல், மொழியில் 0.34 திட்ட விலக்கச் சரிவு. 0.7 என்றால் நூறு பேரில் நடுவில் இருந்த குழந்தை 75-வது இடத்துக்கும் கீழே போவது. ஆறே மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீட்சியில் சுமார் 24 சதவீதம் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்புகளின் பங்கு என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வரை நடத்திய வகுப்பு அது. பெற்றோர் வேலை முடிந்து திரும்பாத மாலை நேரத்தை அது நிரப்பியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஊரையே மாற்றினால்? 1994-98-ல் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் ஏழ்மை செறிந்த குடியிருப்புகளிலிருந்து, குலுக்கலில் தேர்வான குடும்பங்கள் ஏழ்மை குறைந்த பகுதிக்குக் குடிபோக உதவித்தொகை பெற்றன. தேர்வு மதிப்பெண்ணில் பெரிய மாற்றம் வரவில்லை. திட்டம் தோற்றது என்றே பலர் எழுதினார்கள். 2015-ல் வருமானவரித் தரவுகளைப் பார்த்தபோது, 13 வயதுக்கு முன்பே குடிமாறியவர்கள் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தது தெரிந்தது. அந்த வயதைத் தாண்டி மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. தேர்வுத்தாள் மட்டுமே அளவுகோல் என்றால் இது கண்ணில் படாமலே போயிருக்கும்.

கிராமசபையில் கேட்க வேண்டியவை

ஒரு குடும்பம் தனியாகச் செய்யக்கூடியது மேலே ஆங்காங்கே வந்துவிட்டது. ஊர் சேர்ந்து கேட்க வேண்டியவற்றுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் இருக்கின்றன. நகரங்களில் பகுதி சபை. பொதுவாக "அங்கன்வாடியை மேம்படுத்த வேண்டும்" என்று தீர்மானம் போட்டால் அது கோப்பில் தூங்கும். கேள்விகள் எண்ணோடு இருக்கட்டும்.

1. நம் மையத்தில் பணியாளர், உதவியாளர் இரண்டு இடமும் நிரம்பியிருக்கிறதா? பணியாளர் 'கூடுதல் பொறுப்பு' என்று இன்னொரு மையத்தையும் பார்க்கிறார் என்றால் வாரத்தில் எத்தனை நாள் இங்கே இருக்கிறார்?
2. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளோடு கற்பித்தலுக்காக மட்டும் நாளுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது?
3. இரும்புச்சத்து சிரப்பும் மாத்திரையும் கடந்த மூன்று மாதத்தில் எத்தனை வாரம் கையிருப்பில் இல்லை?
4. உயரமும் எடையும் மாதந்தோறும் பதிவாகிறதா? குறைவாக இருக்கும் குழந்தையின் வீட்டுக்கு யார், எத்தனை நாளைக்கு ஒருமுறை போகிறார்?
5. மாலை ஐந்து முதல் ஏழு வரை பிள்ளைகள் உட்கார விளக்கும் மின்விசிறியும் கழிப்பறையும் உள்ள ஓர் இடம் திறந்திருக்கிறதா? சாவி யாரிடம் இருக்கிறது?